கல்லைக் கண்டால் கேமராவைக் காணோம்

உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருத்தராவது சமீபத்தில் எரிமலை பக்கம் போய்விட்டு வந்திருப்பார். ஐஸ்லாந்து, பாலி, ஹவாய் என்று வசதிக்கேற்ப ஊர் மாறும். விசாவுக்கு அலைய முடியாதவர்கள் காரை எடுத்துக்கொண்டு உடுப்பிக்குப் பக்கத்தில் மல்பே வரைக்கும் போய், அங்கிருந்து படகு பிடித்து செயின்ட் மேரீஸ் தீவில் எரிமலைப் பாறைத் தூண்களைப் படமெடுத்து வருவார்கள். இன்னும் கொஞ்சம் தெம்பு உள்ளவர்கள் மகாராஷ்டிரத்து லோனார் ஏரி, அதற்கும் மேலே லடாக். போனது எங்கே என்பது முக்கியமில்லை. திரும்பி வந்து காட்டுகிற படம் ஒன்றேதான்.

கறுப்புப் பாறை. அடிவானம் வரைக்கும் மனுஷ நடமாட்டமே கிடையாது. ஒரு ஓரத்தில் காரின் மூக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஓர் உருவம். தலைக்கு மேல் திரண்ட மேகம். படத்துக்குக் கீழே, மௌனம், தனிமை, பிரபஞ்சம் ஆகிய மூன்று சொற்களில் குறைந்தது இரண்டு.

ஏன் முதுகு என்று யோசித்திருக்கிறீர்களா? முகத்தைக் காட்டினால் டூரிஸ்ட். முதுகைக் காட்டினால் தத்துவஞானி.

ஊர் சுற்றுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. லோன் போட்டு வாங்கிய கார், சேர்த்து வைத்த லீவு, உங்கள் பெட்ரோல். போய் வாருங்கள். என் சண்டை வேறு. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியிருந்துகொண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் கல்லைப் படமெடுக்கிற நாம், தினமும் மின்சார ரயில் ஜன்னலில் கடந்து போகிற கல்லை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எடுக்காததனாலேயே அது கேட்பாரில்லாமல் கிடக்கிறது. இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது என்கிறேன். இல்லை என்று தோன்றினால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

*

முதலில், நாம் எடுக்கிற படங்களின் யோக்கியதையைப் பார்த்துவிடலாம்.

2010-ல் 'எந்திரன்' வந்தது. அதில் கிளிமஞ்சாரோ என்று ஒரு பாட்டு. கிளிமஞ்சாரோ என்பது தான்சானியாவில் இருக்கிற எரிமலை. பாட்டை எடுத்ததோ பெரு நாட்டு மச்சு பிச்சுவில். நடுவில் ஒரு முழு அட்லாண்டிக் சமுத்திரம் இருக்கிறது. தியேட்டரில் யாராவது எழுந்து கேள்வி கேட்டோமா? கேட்கவில்லை. தூரத்தில் இருக்கிற மலை எதுவானாலும் நமக்கு ஒன்றுதான். பின்னணி. நாம் முன்னால் நிற்பதற்காகப் படைக்கப்பட்ட திரைச்சீலை. சினிமாக்காரர்களையாவது மன்னிக்கலாம், அவர்கள் தொழில் அது. நாமும் அதே வேலையைத்தான் சொந்தச் செலவில் செய்துகொண்டிருக்கிறோம்.

செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போய் வந்த பத்துப் பேரிடம் கேளுங்கள், அந்தப் பாறைகள் ஏன் தச்சன் இழைத்த மாதிரி பட்டை பட்டையாக நிற்கின்றன என்று. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது விரியும். காய்ந்த ஏரியின் சேறு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்த வெடிப்பு மேலிருந்து கீழே நீளமாக இறங்கினால் ஐந்து பட்டை, ஆறு பட்டைத் தூண்களாகிவிடும். சுமார் எட்டரைக் கோடி வருடங்களுக்கு முன்னால், மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்துபோன காலத்துச் சமாசாரம் அது. ஒரு கண்டம் உடைந்த இடத்தில் நின்றுகொண்டு, பாப்கார்ன் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, படத்தில் அது விழாதபடி கேமராவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறோம்.

தூக்கிப் பிடிப்பதோடு போனால் பரவாயில்லை. 2022 ஏப்ரலில் அதே தீவில், கோட்டயத்திலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் கடலில் போனார்கள். அதே மாதத்தில்தான் லடாக்கின் பாங்கோங் ஏரிக்குள் காரை இறக்கி ஓட்டி, நின்று கையசைத்துப் படமெடுத்துக்கொண்ட ஒரு கோஷ்டியின் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. 2020 ஜூனில் லோனார் ஏரித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியபோது, ஏரியைவிட அதன் நிறம்தான் பிரபலமானது. உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் செய்த வேலை அது என்று புனே விஞ்ஞானிகள் சொன்னதைப் படித்தவர்களைவிட, படத்தை மட்டும் பார்த்து 'ஆஹா' சொன்னவர்கள் அதிகம்.

நம் ஆட்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துத் தலைகுனிய வேண்டாம். ஐஸ்லாந்தில் நம் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு பள்ளத்தாக்கு உண்டு. ஜஸ்டின் பீபர் 2015-ல் அங்கே ஒரு பாட்டு வீடியோ எடுத்தார். கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. ஆளாளுக்கு அதே இடத்தில் அதே போஸ். பாசி நசுங்கி, பாதை சேறாகி, 2019-ல் மாதக்கணக்கில் அந்த இடத்தையே மூடும்படி ஆயிற்று. அந்த ஊர் எரிமலைப் பாறை மேல் வளர்கிற பாசி மிதிபட்டால் மீண்டும் வளரப் பல வருடங்கள் பிடிக்கும். அதனால்தான் அங்கே சாலையை விட்டு வண்டியை இறக்குவது குற்றம், பெரிய அபராதம். அவர்களுக்குத் தங்கள் கல்லின் மதிப்பு தெரியும். மிதித்த காலின் மதிப்பும் தெரியும்.

*

படமெடுப்பதே வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. நேர் எதிராகத்தான் சொல்ல வருகிறேன்.

1871-ல் அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற இடத்துக்கு ஒரு சர்வே கோஷ்டி போனது. வெந்நீர் ஊற்றுகளும் கொதிக்கும் சேறும் நிறைந்த, எவரும் எளிதில் போக முடியாத எரிமலைப் பிரதேசம். அந்தக் கோஷ்டியில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரர் இருந்தார். கண்ணாடித் தட்டு, ரசாயனக் குப்பி, கூடாரம் எல்லாவற்றையும் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போய்ப் படமெடுத்தார். தாமஸ் மோரன் என்ற ஓவியர் கூடவே போய் வரைந்தார். அந்தப் படங்கள் வாஷிங்டனில் சட்டம் இயற்றுபவர்கள் முன்னால் வைக்கப்பட்டன. அதுவரை அந்தப் பிரதேசத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கட்டுக்கதை என்று சிரித்தவர்கள், படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். 1872 மார்ச்சில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆயிற்று. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது.

ஆக, ஓர் எரிமலைப் பிரதேசத்தின் புகைப்படம் அந்தப் பிரதேசத்தையே காப்பாற்றியிருக்கிறது. ஜாக்சன் எடுத்த படங்கள் சாட்சி. நாம் எடுப்பது அத்தாட்சி. 'நானும் போயிருந்தேன்' என்பதற்கான அத்தாட்சி. இரண்டுக்கும் கேமரா ஒன்றுதான், வேலை வேறு.

சாட்சி இல்லாத வழக்கு என்ன ஆகும்? பல்லாவரத்துக்கு வாருங்கள்.

*

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறி உட்காருங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டியதும் இடது பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, அதற்கு அப்பால் விமான நிலையம். எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு விமானம் காட்ட வேண்டுமே. நீங்கள் வலது பக்கம் திரும்புங்கள். திரிசூலம் மலை.

பார்த்தால் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. கடித்துத் துப்பிய கரும்பு மாதிரி, சரிவெல்லாம் வெட்டுப்பட்டு, அடிவாரம் முழுக்க வீடுகள் ஏறி நிற்கும். அந்தக் கல்லுக்கு வெறும் கருங்கல் என்பதைத் தாண்டி ஒரு பெயர் உண்டு. சார்னோகைட். உலகத்தில் எங்கே இந்தக் கல் கிடைத்தாலும், நார்வேயில், இலங்கையில், அண்டார்டிகாவில்கூட, இதே பெயர்தான். அந்தப் பெயர் பிறந்தது நம் பல்லாவரம் - பரங்கிமலைக் கல்லினால்.

கதை சுவாரசியமானது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் செத்துப்போனார். அங்கே கல்லுக்குப் பஞ்சம். வண்டல் மண் பூமி. அதனால் கல்லறைக்கு வேண்டிய கல் மதராஸ் பக்கத்திலிருந்து கப்பலில் போனது. சுமார் இருநூறு வருடங்கள் கழித்து, தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லையும் பல்லாவரம் மலைக் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்று என்று 1893-ல் எழுதினார். செத்தவர் ஞாபகமாக சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவை நிறுவியவர் என்று அந்த சார்னாக்கைச் சொல்லக் கூடாது என்று 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊர் போய்விட்டது, கல் மட்டும் அவர் பெயரில் நிற்கிறது. நியாயமாகப் பார்த்தால் பல்லாவரைட் என்று வைத்திருக்க வேண்டும். போகட்டும்.

உடனே யாராவது, 'இதுவும் எரிமலைக் கல்தானே சார்' என்பார்கள். இல்லை. எரிமலைக் கல் என்பது பூமி வாந்தியெடுத்தது. வெளியே வந்து ஆறியது. சார்னோகைட் வெளியே வரவேயில்லை. இருபது கிலோமீட்டருக்கும் கீழே, பூமியின் அடிவயிற்றில், பயங்கரச் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. குழம்பாக இருந்து இறுகியதா, வேறு கல் வெந்து இப்படி மாறியதா என்று ஹாலந்து காலத்திலிருந்து நூறு வருடத்துக்கும் மேலாகப் புவியியலாளர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அதன் வயது சுமார் 250 கோடி வருடம். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருடங்கள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து கரைந்த பிறகுதான் அது வெளிச்சத்தைப் பார்த்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் காரில் போய்ப் படமெடுத்த தக்காணத்து எரிமலைப் பாறைக்கு வயது சுமார் ஆறரைக் கோடி. செயின்ட் மேரீஸ் தீவுக்கு எட்டரைக் கோடி. ஐஸ்லாந்து இவற்றைவிடச் சின்னக் குழந்தை. பல்லாவரத்துக்கு 250 கோடி. கொள்ளுத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்க, பக்கத்து ஊர்க் குழந்தையைக் கொஞ்சப் போயிருக்கிறோம்.

அதோடு முடியவில்லை. சுமார் 1,400 வருடங்களுக்கு முன்னால் மகேந்திரவர்மப் பல்லவன் பல்லாவரத்தில் இந்தக் கல்லைக் குடைந்து ஒரு குகைக் கோயில் எடுத்தான். இன்று அது தர்கா, மக்கள் வந்து தொழுதுவிட்டுப் போகிறார்கள். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் ஒரு சங்கிலியைத் தரையில் போட்டு ஏழரை மைல் நீளம் அளக்க ஆரம்பித்தார். அந்த ஏழரையில் தொடங்கிய சர்வேதான் தேசம் முழுக்க அளந்து, கடைசியில் எவரெஸ்டின் உயரத்தையும் சொன்னது. 1863 மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளைக்கல் எடுக்கத் தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது கல் இல்லை, கோடரி. ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான். அவர் சேகரித்தவற்றை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம்.

பூமியின் அடிவயிறு, ஆதி மனிதன், பல்லவன், லாம்டன். எல்லாம் ஒரே ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில், நாலைந்து ஸ்டேஷனுக்குள். வேறு தேசமாக இருந்தால் டிக்கெட் போட்டு விற்றிருப்பான். நாம் ஜல்லி போட்டு விற்றோம்.

*

ஆமாம், ஜல்லி. தென்சென்னைப் புறநகரின் வரலாற்றை ஒரு வரியில் எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதலாம்: மலையை உடைத்துப் பள்ளமாக்கினோம், பள்ளத்தைத் தூர்த்து மனையாக்கினோம். திரிசூலம், பல்லாவரம், பம்மல், நன்மங்கலம், அந்தப் பக்கம் சிக்கராயபுரம் என்று எங்கே பார்த்தாலும் தோண்டி முடித்துக் கைவிட்ட குவாரிகள். கல்லுடைத்தவர்கள் நுரையீரல் நிறையத் தூசியும் கை நிறையக் காய்ப்புமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பள்ளம் மட்டும் மிச்சம்.

அந்தப் பள்ளங்களில் மழைத் தண்ணீர் நிற்கிறது. கோடை விடுமுறையில் பையன்கள் குளிக்கப் போகிறார்கள். படிக்கட்டு மாதிரி இறங்கும் என்று நினைத்துக் கால் வைத்தால், அடுத்த அடி ஆழம் தெரியாத பள்ளம். செய்தித்தாளின் உள்பக்கத்தில் 'கல்குவாரி நீரில் மூழ்கி மாணவர் பலி' என்று இரண்டு அங்குலச் செய்தி. அடுத்த கோடையில் பெயரை மட்டும் மாற்றி அதே செய்தி. இன்னொரு பக்கம் லாரிகள் ராத்திரியில் வந்து குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டிவிட்டுப் போகின்றன.

இதே பள்ளங்கள்தான் நம் தாகத்தையும் தீர்த்தன என்பது ஞாபகம் இருக்கிறதா? 2017 வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் விட்டது. ஏரிகள் எல்லாம் காய்ந்து உலகமே சென்னையைப் பார்த்து 'உச்' கொட்டிய 2019-லும் குவாரித் தண்ணீர் கைகொடுத்தது. நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிட்ட குவாரிச் சுவர்களின் இடுக்கில் பெரிய கொம்பன் ஆந்தைகள் கூடு வைத்திருக்கின்றன. ஆந்தைக்குத் தெரிந்திருக்கிறது, வெட்டுப்பட்ட கல்லையும் வீடாக்கலாம் என்று.

நான் படித்தது பி.காம். புவியியல் என் பாடமில்லை. ஆனால் முதல் வருஷமே அக்கவுண்டன்ஸி வாத்தியார் ஒன்று சொல்லிக்கொடுத்தார்: மூலதனத்தை விற்று வந்த பணத்தை வருமானக் கணக்கில் எழுதாதே. எழுதினால் லாபம் ஜோராகத் தெரியும், ஒருநாள் கடையே இருக்காது. வீட்டுக் கதவைக் கழற்றி விற்றுவிட்டு, இந்த மாதம் சம்பளம் உயர்ந்துவிட்டது என்று பெண்டாட்டியிடம் சொல்கிற மாதிரி. மலை நம் மூலதனம். உடைக்கிற ஒவ்வொரு லோடுக்கும் சீனியரேஜ் என்று அரசாங்கம் வசூலிப்பது வருமானமாகத்தான் எழுதப்படுகிறது. 250 கோடி வருடச் சொத்து குறைந்ததற்கு எந்த லெட்ஜரிலும் ஒரு பற்று வரி கிடையாது. பள்ளத்தில் விழுந்து செத்த பையனும் எந்தச் செலவுக் கணக்கிலும் இல்லை. அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யச் சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

*

மறுப்புகள் வரும் என்று தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

'ஜல்லி இல்லாமல் வீடு கட்ட முடியுமா? நீங்கள் என்ன ஓலைக் குடிசையிலா இருக்கிறீர்கள்?' இல்லை. என் தலைக்கு மேலே இருக்கிற கான்கிரீட்டிலும் ஏதோ ஒரு மலை இருக்கிறது. கல்லே உடைக்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, சொல்லவும் இல்லை. எந்த மலையை உடைப்பது, எதை விடுவது, உடைத்த பிறகு பள்ளத்தை என்ன செய்வது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா என்றுதான் கேட்கிறேன். கல்யாணச் செலவுக்கு நகையை அடகு வைக்கலாம். தாலியை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்போம் இல்லையா?

'அரசாங்கம்தான் பாதுகாத்திருக்கிறதே!' காகிதத்தில் பாதுகாத்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள் நாடு முழுக்க முப்பது சொச்சம். அதில் தமிழ்நாட்டுக்கு நான்கு. திருவக்கரை கல்மரம், சாத்தனூர் கல்மரம், பெரம்பலூர் பக்கத்துக் காரை, நான்காவது நம் பரங்கிமலை சார்னோகைட். பரங்கிமலைக்கு எத்தனையோ பேர் போகிறார்கள், தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறார்கள், மேலேயிருந்து விமானம் பார்க்கிறார்கள். காலடியில் இருக்கும் கல்லே தேசியச் சின்னம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தொல்லியல் சின்னத்தைச் சேதப்படுத்தினால் தண்டிக்கத் தனிச் சட்டம் உண்டு. புவியியல் சின்னத்துக்கென்று தனிச் சட்டத்தின் வரைவே 2022 டிசம்பரில்தான் வெளியானது. ஹாலந்து பெயர் வைத்து 129 வருடம் கழித்து!

'சட்டம் வந்தால் சுற்றியிருப்பவர்கள் வீடு கட்ட முடியாமல் அவதிப்படுவார்களே?' இதுதான் நியாயமான கேள்வி. பல்லாவரத்துக்காரர்களுக்கு இந்த வலி தெரியும். 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கு மேல் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். தலைமுறையாகக் குடியிருப்பவன் மாடியில் ஒரு ரூம் எடுக்க முடியாது என்றால், அவன் சின்னத்தைக் கும்பிடமாட்டான், சபிப்பான். டெல்லியில் அளவுகோல் வைத்துப் போட்ட வட்டம் பழைய பல்லாவரத்துத் தெருவுக்குப் பொருந்தாது. மலைச் சரிவில் குடியேறிய ஏழைகள் என் கட்டுரையின் வில்லன்கள் இல்லை. அவர்களை விரட்டிவிட்டுப் பூங்கா வைக்கும் திட்டம் எதற்கும் என் ஓட்டு கிடையாது. மிச்சமிருக்கும் கல்லை இனி உடைக்காமல், பள்ளத்தில் குப்பை கொட்டாமல் இருப்பதற்கு யார் வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை.

'எல்லா ஊரிலும் இப்படித்தான்' என்பது கடைசி மறுப்பு. எல்லா ஊரிலும் இல்லை. மும்பை அந்தேரியில் கில்பர்ட் ஹில் என்று ஒன்று உண்டு. சுமார் இருநூறு அடி உயரக் கறுப்பு எரிமலைத் தூண். தக்காணம் எரிந்த காலத்தின் மிச்சம். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் டெவில்ஸ் டவர் என்று, அதே மாதிரி செங்குத்தாகப் பட்டை பட்டையாக நிற்கும் ஒரு பாறை உண்டு. அதை 1906-லேயே தங்கள் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். கில்பர்ட் ஹில்லைச் சுற்றிலும் கல் வெட்டி எடுத்தோம், குடிசையும் அடுக்குமாடியும் நெருக்கிக் கட்டினோம். 2007-ல்தான் மும்பை மாநகராட்சி அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் காவ்தேவி கோயில் இருந்தது. அந்த அம்மன்தான் மலையைக் காப்பாற்றினாள் என்று நினைக்கிறேன். அதிகாரிகள் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

*

சரி, உங்களிடம் நல்ல கேமரா இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிளம்புங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டு வெயில் விழும்போது, புதிதாக உடைந்த சார்னோகைட்டில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் படிகங்கள் நீலம் பாய்ந்திருக்கும். கறுப்புக் கல்லைப் படமெடுக்கும்போது கேமரா ஏமாறும். இருட்டாக இருக்கிறதே என்று அதுவாக வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ராணுவ இடங்களும் உண்டு. பொது வழியில் நின்று எடுத்தாலே போதும். குவாரித் தண்ணீரில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் லடாக்கில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்யுங்கள். குப்பையையும் சேர்த்து எடுங்கள். வெட்டுப்பட்ட சரிவு, வேலி இல்லாத பள்ளம், எச்சரிக்கைப் பலகை இல்லாத கரை, ராத்திரி வந்த லாரியின் தடம். தேதி போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாநகராட்சிக்கும், கலெக்டர் ஆபீஸுக்கும், கனிம வளத் துறைக்கும் மனுவோடு அனுப்புங்கள். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சி ஆகிவிட்டன. முன்பெல்லாம் மலையின் ஒரு பக்கம் ஒரு நகராட்சி, இன்னொரு பக்கம் இன்னொன்று என்று கையை விரிப்பார்கள். பாதி இடத்துக்காவது அந்தச் சாக்கு இப்போது செல்லாது.

கேட்க வேண்டியதும் பெரிய விஷயமில்லை. பள்ளங்களுக்கு வேலி. குப்பை லாரிக்குத் தடை. நல்ல தண்ணீர் நிற்கும் குவாரிகளை ஏரி மாதிரி பாவித்துப் பராமரிப்பு. திரிசூலம், பல்லாவரம், பரங்கிமலை ஸ்டேஷன்களில் 'உலகம் முழுக்க ஒரு கல்லுக்குப் பெயர் கிடைத்தது இந்த மலையால்' என்று தமிழில் ஒரு பலகை. ஒரு பலகைக்கு என்ன செலவாகிவிடப் போகிறது? தலைவர்கள் வரும்போது வைக்கிற பேனரில் கால்வாசி.

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். நமக்கு எரிமலையைக் கண்டால் கேமரா கைக்கு வந்துவிடுகிறது, சொந்தக் கல்லைக் கண்டால் கேமராவைக் காணோம். ஐஸ்லாந்தைப் படமெடுக்க உலகமே வரிசையில் நிற்கிறது. நீங்கள் போகாவிட்டால் அதற்கு ஒரு குறையும் இல்லை. திரிசூலத்தைப் படமெடுக்க உங்களை விட்டால் நாதி கிடையாது.

அடுத்த தொடர் விடுமுறைக்கு எங்கே போவது என்று இப்போதே திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். போய் வாருங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு காலை, தாம்பரத்திலிருந்து திரிசூலம் வரைக்கும் ஒரு செகண்ட் கிளாஸ் டிக்கெட். மலை இன்னும் இருக்கிறது.

கொஞ்சம்.